ஜெர்மனியில் முதல் வாடகை வீடு: நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

டார்ட்மண்டில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்து, ஏழு வருடத்தில் நாலு வீடு மாறியவள் நான். இப்போது பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறேன். ஜூலை பிறந்தால் போதும், அக்டோபரில் வகுப்பு தொடங்கப்போகிற பிள்ளைகள் யாராவது அப்பா அம்மாவோடு வந்துவிடுவார்கள். அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் விசா, விமானம், குளிர் எல்லாம் பத்து நிமிடத்தில் பேசி முடிந்துவிடும். வீட்டுப் பேச்சு மட்டும் காபி ஆறின பிறகும் முடியாது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கீழே என் பதிலைப் போட்டிருக்கிறேன். இதில் வரும் சட்டமெல்லாம் ஜெர்மனிக்கு மட்டும்தான் பொருந்தும், வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

"அக்கா, இங்கேருந்தே வீடு பிடிச்சிட்டுப் போயிரலாமா?"

மாணவர் விடுதி என்றால் முடியும். ஒவ்வொரு பல்கலைக்கழக ஊரிலும் 'ஸ்டுடியரெண்டன்வெர்க்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, விடுதிகளை அதுதான் நடத்துகிறது. அட்மிஷன் கடிதம் வந்த அன்றைக்கே, விசா வரட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பெரிய ஊர்களில் ஒரு செமஸ்டர், இரண்டு செமஸ்டர்கூட காத்திருக்க வேண்டியிருக்கும். மியூனிக், ஃபிராங்ஃபர்ட் போகிறவர்களுக்குத்தான் அதிகக் கஷ்டம். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் பக்கம் போகிறவர்களுக்கு அவ்வளவு இல்லை.

தனியார் வீடு என்றால் ஆளைப் பார்க்காமல் பெரும்பாலும் தரமாட்டார்கள். அதனால் முதல் ஒரு மாதத்துக்கு மட்டும் தற்காலிக இடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய், அங்கே இருந்து தேடுவதுதான் நடக்கிற காரியம். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் தங்கள் அறையை ஒரு மாதம், இரண்டு மாதம் உள்வாடகைக்கு விடுவார்கள். அதற்குப் பெயர் 'ட்ஸ்விஷன்மீட்டே'. தொடக்கத்துக்கு அது நல்ல வழி.

"வேகே வேகேன்னு சொல்லுதாவளே, அப்படின்னா என்ன?"

பகிர்ந்து வாழும் வீடு. டவுண் பக்கம் வளவு வீடுகளில் முற்றமும் கிணறும் பொதுவாக இருக்கும் அல்லவா, இங்கே அடுக்களையும் குளியலறையும்கூடப் பொது, அறை மட்டும் உங்களுக்கு. ஏற்கெனவே இருக்கிறவர்கள் உங்களை வரச்சொல்லி ஒரு மணி நேரம் பேசிப் பார்ப்பார்கள். பரீட்சை மாதிரி பதில் சொல்லாதீர்கள். என்ன சமைப்பீர்கள், எப்போது தூங்குவீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள், ஏனென்றால் அவர்களோடுதான் நீங்கள் இருக்கப்போகிறீர்கள். முதல் வருடத்துக்கு இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பாஷையும் வரும், வீடும் வெறிச்சென்று இருக்காது.

"ரெண்டு ரூம் வீடுன்னு போட்டிருக்கு. ரெண்டு பெட்ரூம் ஒரு ஹால்னா நாலு பேர் தங்கலாம்லா?"

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து நிற்கிறார்கள். அங்கே பட்டாசலையும் ஒரு அறையாக எண்ணுவார்கள். அடுக்களை, குளியலறை கணக்கில் வராது. அதனால் 'இரண்டு அறை வீடு' என்றால் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. நம்ம ஊர் டூ பெட்ரூம் வீடு வேண்டுமென்றால் 'மூன்று அறை' என்று தேட வேண்டும். அப்புறம், எத்தனை பேர் இருக்கப்போகிறீர்கள் என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு நாலு பேர் குடியேறினால் எச்சரிக்கைக் கடிதம் வரும், அதற்குப் பிறகும் சரிசெய்யாவிட்டால் வீடு போய்விடும்.

"கால்ட்மீட்டே 420 யூரோன்னா மாசம் 420 கொடுத்தா போதும்லா?"

போதாது. கால்ட்மீட்டே என்றால் 'குளிர் வாடகை', வெறும் சுவருக்கும் கூரைக்கும் மட்டும். தண்ணீர், குப்பை, படிக்கட்டுச் சுத்தம், பெரும்பாலும் வெப்பமூட்டலும் சேர்ந்து 'நேபன்கோஸ்டன்' என்று மேலே ஒரு தொகை வரும். இரண்டும் சேர்ந்தால் 'வார்ம்மீட்டே', அதாவது 'சூடான வாடகை'. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் அதற்குள்ளும் வராது, தனி. இதுபோக ரேடியோ டிவி கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு. டிவியே இல்லை என்றாலும் கட்ட வேண்டும், ஆனால் வேகேயில் ஒருவர் கட்டினால் மொத்த வீட்டுக்கும் போதும். பக்கத்து அறைக்காரர் கட்டுகிறாரா என்று கேட்டு, அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை வாங்கி, கட்டணம் வசூலிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

உதாரணமாக 420 குளிர் வாடகை, 110 நேபன்கோஸ்டன், மின்சாரம் 40, இன்டர்நெட் 30, அந்த 18.36 எல்லாம் சேர்த்தால் 618 யூரோ ஆகிறது. மாணவர் விசாவுக்காக உங்கள் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கிவைத்த வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும். வாடகை போக மீதியில்தான் மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம். வீட்டு விளம்பரத்தைப் பார்க்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

"அட்வான்ஸ் எத்தன மாசம் கேப்பாவ? கடைசி மூணு மாச வாடகைல கழிச்சிக்கிடலாமா?"

மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் விடாது. மேலே சொன்ன வீட்டுக்கு அதிகபட்சம் 1,260 யூரோ. அதையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, மூன்று மாதத் தவணையாகக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, முதல் தவணை வாடகை தொடங்கும்போது. இதைப் பல வீட்டுக்காரர்கள் தாங்களாகச் சொல்வதில்லை.

கழித்துக்கொள்வது மட்டும் கூடாது. நம்ம ஊரில் காலிசெய்யும்போது "அட்வான்ஸ்ல கழிச்சிக்கோங்க" என்று சொல்வது சகஜம், அங்கே அது வாடகை பாக்கி. இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் உடனடியாக வெளியேற்றும் அளவுக்கு விவகாரம் போகும்.

"புரோக்கர் கமிஷன் உண்டா?"

2015 ஜூன் 1 முதல் யார் புரோக்கரை அமர்த்தினாரோ அவர்தான் கொடுக்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துப் போன உங்களிடம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"எம்மா, வீட்டுக்காரர் லண்டன்ல இருக்காராம், பணத்த அனுப்புனா சாவிய கூரியர்ல அனுப்பிருவாராம். அனுப்பட்டா?"

அனுப்பாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு 'ஒருவேளை' என்ற வார்த்தையே கிடையாது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அப்பா, மகளுக்கு வீடு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மனைவியின் இரண்டு வளையலை அடகு வைத்து 1,150 யூரோ அனுப்பினார். அந்த ஆள் பாஸ்போர்ட் நகல் அனுப்பியிருக்கிறான், தன் பிள்ளைகளோடு நிற்கும் படம் அனுப்பியிருக்கிறான், ஒப்பந்தம்கூட முத்திரையோடு வந்திருக்கிறது. அந்தப் பெண் இறங்கி, இரண்டு பெட்டியோடு டிராம் பிடித்து அந்த முகவரிக்குப் போனால், அங்கே ஒரு பல் மருத்துவமனை. வரவேற்பில் இருந்த அம்மா தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "இந்த மாதம் வந்த மூன்றாவது ஆள் நீ" என்று சொன்னாராம். வளையலை மீட்க அவர்களுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

அடையாளங்களைச் சொல்கிறேன். ஊர் விலையைவிட வாடகை ரொம்பக் குறைவு. படங்கள் ஹோட்டல் மாதிரி பளிச்சென்று இருக்கும். உரிமையாளர் எப்போதும் வெளிநாட்டில் இருப்பார். வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் கேட்பார். "இன்னும் நாலு பேர் கேக்காவ" என்று அவசரப்படுத்துவார். கணக்கு எண் 'டிஇ' என்று தொடங்கினால் அது ஜெர்மன் வங்கிக் கணக்கு என்பது மட்டும்தான் உறுதி, ஆள் நல்லவர் என்பதற்கு அது சாட்சி ஆகாது. நீங்களோ உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரோ அந்த வீட்டுக்குள் நின்று பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் பணம். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மூடிவைக்காமல் அதே மணி நேரத்தில் வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்கள்.

"என்னென்ன பேப்பர் கேப்பாவ? ஷூஃபான்னு ஒண்ணு இல்லேன்னா வீடே கிடையாதாமே?"

பாஸ்போர்ட், அட்மிஷன் கடிதம் அல்லது வேலை ஒப்பந்தம், முடக்கக் கணக்குச் சான்று அல்லது கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, உங்களைப் பற்றி நிரப்பித் தரும் ஒரு படிவம், முன்பு இருந்த வீட்டுக்காரர் "வாடகை பாக்கி இல்லை" என்று தரும் கடிதம். ஷூஃபா என்பது கடன் ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று பதிந்து வைக்கும் நிறுவனம். புதிதாக இறங்கினவருக்கு அங்கே பதிவே இருக்காது, அது தப்பில்லை. "இந்த மாதம்தான் வந்தேன், பதிலுக்கு முடக்கக் கணக்குச் சான்றை வைத்திருக்கிறேன்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். மாணவர்களுக்கு வீடு விட்டுப் பழகினவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பாஸ்போர்ட் நகலை அனுப்பாதீர்கள், முந்தைய பதிலில் வந்த அந்த ஆள் அனுப்பிய பாஸ்போர்ட்டும் இப்படி யாரோ ஒரு அப்பாவி கொடுத்ததாகத்தான் இருக்கும். மதம், கல்யாணத் திட்டம், கர்ப்பம் இதையெல்லாம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. நம்ம ஊரில் வீடு கேட்டுப் போனால் "நீங்க என்ன ஆளுக?" என்று வாசலிலேயே கேட்கிறார்கள், அது எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கும். அங்கே அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லிப் பழக வேண்டியதில்லை.

"அடுக்களையே இல்லாத வீடெல்லாம் உண்டாமே, நிசமாவா?"

நிஜம்தான். பல வீடுகளில் அடுக்களை என்ற அறை இருக்கும், உள்ளே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயும் வயரும் மட்டும் இருக்கும். அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பல்புகூட இருக்காது. என் இரண்டாவது வீட்டில் முதல் மூன்று இரவு போன் வெளிச்சத்தில், அம்மா கட்டிக்கொடுத்த பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தேன், நவம்பர் மாதத் தரை பாய்க்குக் கட்டுப்படாமல் எலும்புவரை ஏறியது. விளம்பரத்தில் 'ஐன்பாவ்கூஷே' என்று இருந்தால் அடுக்களை உள்ளே உண்டு. முன்பு இருந்தவர் தன் அடுப்பையும் அலமாரியையும் விலைக்குக் கொடுக்க வந்தால் பேரம் பேசுங்கள், தப்பே இல்லை.

"ஒப்பந்தம் பூரா ஜெர்மன்ல இருக்கு. நல்ல மனுசனாத்தான் தெரியிதாரு, கையெழுத்துப் போட்டிரட்டா?"

ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், நல்ல மனுஷர் கொடுப்பார். பல்கலைக்கழகத்து வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலோ, 'மீட்டர்ஃபெரைன்' என்ற வாடகைதாரர் சங்கத்திலோ காட்டுங்கள். சங்கத்துக்கு வருடச் சந்தா உண்டு, பல மாணவர் அமைப்புகள் இலவசமாகவும் ஆலோசனை தருகின்றன. முக்கியமாகப் பார்க்க வேண்டியது, குறிப்பிட்ட காலத்துக்கு முன் காலிசெய்யக்கூடாது என்று ஏதாவது இருக்கிறதா, வாடகை வருடாவருடம் தானாக ஏறுமா, இந்த இரண்டும்.

கையெழுத்தைவிடப் பெரிய நாள் சாவி வாங்கும் நாள். 'ஊபர்காபே புரோட்டோகோல்' என்று ஒரு ஒப்படைப்புப் பட்டியல் எழுதுவார்கள், அவர்கள் எழுதாவிட்டால் நீங்கள் எழுதுங்கள். என் முதல் வீட்டில் குளியல் தொட்டியின் அடிப்பக்கம், சோப்பு வைக்கும் மூலைக்குக் கீழே, பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருந்தது. பார்த்தேன், "இது பழசுதானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். காலிசெய்யும்போது அதே மூலையைக் காட்டி அட்வான்ஸில் 280 யூரோ பிடித்தார்கள். அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பணம் என் கையில் இருந்திருக்கும். அதனால் சுவர், தரை, ஜன்னல், தொட்டி, எத்தனை சாவி, மின்சார மீட்டரின் எண்ணும் அன்றைய அளவும் எல்லாவற்றையும் எழுதி, படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் எழுதிக் கேட்டால் "என்னய நம்பலயா" என்பார்கள். அங்கே யாரும் அப்படி நினைப்பதில்லை.

"வாடகைய நூறு யூரோ குறைச்சித் தாரேங்காரு, ஆனா அந்த அட்ரஸ்ல பதியக்கூடாதுங்காரு. சம்மதிக்கலாமா அக்கா?"

வேண்டாம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், இதுதான் 'அன்மெல்டுங்'. அதற்கு "இவர் என் வீட்டில் குடியேறினார்" என்று வீட்டுக்காரர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அப்படித் தருவது அவருடைய சட்டக் கடமை. அந்தப் பதிவிலிருந்துதான் வரி எண் வரும், தங்கும் அனுமதி நீட்டிப்பும் அதை வைத்துத்தான். பதியாமல் நூறு யூரோ மிச்சப்படுத்தி, கடைசியில் தங்கும் அனுமதிக்கு அலைவதில் ஒரு லாபமும் இல்லை. பதியக்கூடாது என்கிறவர் பெரும்பாலும் தானே வாடகைக்கு இருந்துகொண்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுகிறவராக இருப்பார்.

காசு கொடுத்து வேறு ஒரு முகவரியில் பதியலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். முகவரியை அப்படிக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு, பொய்யாகப் பதிந்தவருக்கும் அபராதம் உண்டு.

"எல்லாம் பதிஞ்சாச்சி, ஆனா ஒரு தபாலும் வரல"

தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா? நம்ம தெருவில் தபால்காரர் "டீச்சர் வீட்டுப் பொண்ணா" என்று கேட்டுக் கொடுத்துவிடுவார். அங்கே அடுக்குமாடியில் வீட்டுக்கு எண்ணே இல்லாமல் இருக்கும், பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும், வங்கி அட்டையும் காப்பீட்டு அட்டையும் அப்படித் திரும்பிப் போன கதை நிறைய. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதி, குடியேறிய அன்றைக்கே ஒட்டுங்கள்.

"தாளிச்சா பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கி வருவானா?"

தாளிப்பதற்கு யாரும் தடைபோட முடியாது. கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, புகைபோக்கியைப் போட்டுச் சமையுங்கள், சொதி வைத்தால் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள், என் அனுபவத்தில் அதற்கு மேல் பிரச்சினை வந்ததில்லை. சத்தம்தான் விஷயம். இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் அமைதி நேரம். ராத்திரி பதினோரு மணிக்கு மிக்ஸியில் தோசை மாவு அரைத்தால் புகார் நிச்சயம்.

இன்னொன்று பூஞ்சை. குளிருக்குப் பயந்து ஜன்னலையே திறக்காமல், அரிசி வேகவைத்து, துணியையும் அறைக்குள் காயப்போட்டால் ஒரே மாதத்தில் ஜன்னல் மூலையில் கறுப்புப் புள்ளி வந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றை மாற்றுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் துடைத்து மறைக்காமல் படத்தோடு வீட்டுக்காரருக்கு எழுதிப்போடுங்கள், சொல்லாமல் விட்டால் பழி உங்கள் மேல் வரும்.

"நம்ம பேரப் பாத்ததும் பதிலே போடமாட்டேங்காவ அக்கா. நெசமா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

உனக்குத் தோன்றுவது மட்டும் இல்லை தம்பி, அது நடக்கிறது. அம்பது இடத்துக்கு எழுதி மூன்று பதில் வந்தால் உன்னிடம் ஏதோ குறை என்று நினைத்து இடிந்து உட்காராதே. 2006-இல் வந்த சமநடத்தைச் சட்டம் இனத்தையும் பூர்விகத்தையும் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கிறது. மத்திய அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தருகிறது. எழுத்தில் ஏதாவது சொல்லி மறுத்திருந்தால் அதைப் பத்திரமாக வை, இழப்பீடு கேட்பதானால் இரண்டு மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

நடைமுறையில் எனக்கு உதவியது, ஐந்து வரி ஜெர்மனில் எழுதியதுதான்: யார், எங்கே படிக்கிறேன், வாடகைப் பணம் எதிலிருந்து வரும், எப்போதிலிருந்து வேண்டும், எப்போது வந்து பார்க்கலாம். விளம்பரம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பினால் பதில் கூடுகிறது.

"ரெண்டு வருசம் கழிச்சி நேபன்கோஸ்டன் பாக்கி 340 யூரோன்னு கடிதம் வந்துருக்கு. கெட்டணுமா?"

நேபன்கோஸ்டன் மாதாமாதம் கொடுப்பது முன்பணம்தான், வருடக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு வருடம் முடிந்து 12 மாதத்துக்குள் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால், தாமதத்துக்கு வீட்டுக்காரர் காரணம் இல்லை என்றால் ஒழிய, பாக்கியைக் கேட்க முடியாது. சரியான நேரத்தில் வந்த கணக்கில் சந்தேகம் இருந்தாலும் ஆட்சேபிக்க உங்களுக்கு 12 மாதம் உண்டு. கட்டுவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள்.

"மூணு பேரக் கூட்டியாந்து விட்டா உடனே காலி பண்ணிரலாமாமே?"

எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. வீட்டுக்காரர் விரும்பினால் ஒப்புக்கொள்ளலாம், அவ்வளவுதான். சாதாரண ஒப்பந்தத்தில் மூன்று மாத நோட்டீஸ். மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் சேர்ந்தால் அந்த மாதமும் கணக்கில் வரும், அதாவது நவம்பர் தொடக்கத்தில் சேர்ந்தால் ஜனவரி 31-இல் முடியும். கையால் கையெழுத்திட்ட காகிதம்தான் செல்லும், ஈமெயிலும் வாட்ஸப்பும் செல்லாது. குறிப்பிட்ட தேதிவரை என்று போட்ட ஒப்பந்தத்தில் இந்த மூன்று மாத வழியும் கிடையாது, அதனால்தான் மேலே ஒப்பந்தக் கேள்வியில் அதை முதலில் பார்க்கச் சொன்னேன்.

"காலி பண்ணும்போது பெயிண்ட் அடிச்சிக் கொடுன்னு சொல்லுதாவ. அட்வான்ஸ் எப்பத்தான் வரும்?"

நீங்கள் குடிவரும்போதே பழைய பெயிண்டோடு, அதற்கு ஈடு எதுவும் இல்லாமல் வாங்கியிருந்தால், அடித்துத் தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தாலும் செல்லாது என்று 2015-இல் அங்கத்து உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்போது சுவர் எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் ஒப்படைப்புப் பட்டியலும் படமும்தான் ஆதாரம்.

அட்வான்ஸ் உடனே வராது. மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், நேபன்கோஸ்டன் கணக்கு முடியவில்லை என்று ஒரு பகுதியை இன்னும் கொஞ்ச நாள் பிடித்துவைக்கவும் செய்வார்கள். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள், விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் வங்கிக் கணக்கை மூடிவிடுகிறார்கள். அந்தக் கணக்கை அட்வான்ஸ் வரும்வரை வைத்திருங்கள். புது முகவரி என்று உங்கள் வீட்டு முகவரியைப் பின்கோடோடு வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.